மேசைக்கு அடியில்: இங்கிலாந்தில் ஒரு வாரம்

அக்டோபர் 8, புதன். லண்டன்

கோவையில் பழைய மரச்சாமான்களுக்குப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ஊட்டி, குன்னூர் பங்களாக்களிலிருந்து இறங்கி வரும் வெள்ளைக்காரர் காலத்து மேசைகளும் நாற்காலிகளும்தான் எங்களுக்குப் பாதி வேலை. அதில் ஈட்டி, அதாவது நம்மூர் ரோஸ்வுட், மரச் சாமான் ஒன்று வந்துவிட்டால் மற்ற வேலை நின்றுவிடும், எல்லோரும் சுற்றி நின்று பார்ப்போம். இங்கிலாந்தில் செய்த ரோஸ்வுட் சாமான்களைச் செய்த ஊரிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் இருபது வருட ஆசை. தங்கை மகன் லங்காஸ்டரில் படிக்கப் போனது வசதியாகிவிட்டது. அங்கே ராத்திரியில் எழுதி வைத்ததை நாள்வாரியாக இங்கே போடுகிறேன்.

லண்டனில் தங்கியது ஈஸ்ட் ஹாமில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டு மாடியறையில். இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு, "தம்பி, மழை வரும், குடையைக் கொண்டு போங்கோ" என்றார். வெயில் பளீரென்று அடித்ததால் எடுக்காமல் கிளம்பினேன். ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் காலுறை வரை நனைந்துவிட்டது.

ஈரக் காலோடுதான் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். நுழைவுக் கட்டணம் இல்லை. டீ ஒரு கோப்பை மூன்றரை பவுண்டுக்கு மேல். மரச்சாமான்களுக்கென்றே 2012-ல் திறந்த கூடம் ஒன்று மேல்மாடியில் இருக்கிறது. அங்கே எந்த ராஜா காலம் என்பதைவிட எப்படிச் செய்தது என்பதற்கே முதலிடம். மூட்டு, கடைசல், வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு ஒட்டும் வேலை, பதிவேலை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்ற ஆளுக்கு அது கோயில்.

பழக்கதோஷத்தில் ஒரு மேசைக்கு முன் மண்டியிட்டு அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். காவலர் வந்தார். திட்டப் போகிறார் என்று எழுந்தேன். "எதையாவது தொலைத்துவிட்டீர்களா ஐயா?" என்றுதான் கேட்டார். தச்சு வேலை செய்கிறவன், அடியில்தான் விஷயம் இருக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரும் கால்சட்டையை முழங்காலில் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். எத்தனையோ வருடமாக இங்கே நிற்கிறேன், இன்றுதான் இதைப் பார்க்கிறேன் என்றார்.

அடியில் இருந்தது பைன் மரம். ரோஸ்வுட் மேலே மட்டும், தோல் மாதிரி. நம்மூரில் ஈட்டி என்றால் முழுக்கட்டையாக இழைத்துத்தான் பழக்கம். இங்கிலாந்தில் கப்பலில் வந்த மரம் விலை உயர்ந்தது. அதை மெல்லிய பலகையாக அறுத்து, பைன் அல்லது மஹோகனிச் சட்டத்தின் மேல் வஜ்ஜிரம் (மாட்டுத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) போட்டு ஒட்டியிருக்கிறார்கள். கையால் அறுத்த காலத்தில் அந்தப் பலகை கனமாகவே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்க் புரூனல் என்ற பொறியாளர் லண்டன் பாட்டர்சியில் நீராவியில் ஓடும் வட்ட ரம்பம் வைத்து வெனீர் அறுக்க ஆரம்பித்தார். ஒரே கட்டையிலிருந்து நிறையத் தகடு வந்தது, ரோஸ்வுட் மேசை வைக்கக்கூடிய வீடுகளும் பெருகின.

பித்தளைத் தகட்டைப் பூவும் கொடியுமாக வெட்டி ரோஸ்வுட்டில் பதிப்பது அந்தக் காலத்துப் பித்து. லிவர்பூலிலிருந்து லண்டன் வந்த ஜார்ஜ் புல்லக் இதில் கைதேர்ந்தவர். செயின்ட் ஹெலினா தீவில் நெப்போலியனுக்கு ஏற்பாடு செய்த வீட்டுக்குச் சாமான் செய்து அனுப்பியதும் அவர்தான். 1818-ல் இறந்துவிட்டார். அழகு வேலைதான், ஆனால் பழுது பார்க்கிறவனுக்குத் தலைவலி. மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப உப்பும், சுருங்கும், பித்தளை அசையாது. இருநூறு வருடத்தில் எங்காவது ஒரு கொடி மேலே எழும்பி, துடைக்கும் துணியில் மாட்டிக்கொள்ளும்.

அக்டோபர் 9, வியாழன். லண்டன்

இன்று குடை எடுத்துப் போனேன். மழை இல்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் நகர ஆவணக் காப்பகத்தில் கில்லோஸ் என்ற பழைய மரச்சாமான் நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. லங்காஸ்டரில் ராபர்ட் கில்லோ 1730 வாக்கில் தொடங்கியது. பிள்ளைகள் காலத்தில் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் கிளை திறந்து, இங்கிலாந்தின் பெரிய வீடுகளுக்கெல்லாம் சாமான் போட்டார்கள். அவர்களுடைய மதிப்பீட்டு ஓவியப் புத்தகங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். கண்ணால் பார்ப்பது வேறுதான். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். பக்கங்களைப் படம் எடுத்து வைத்த சுருளில்தான் (மைக்ரோஃபிலிம்) பார்க்கலாம். சுருள் மாட்டத் தெரியாமல் முழித்தேன். பக்கத்து மேசைப் பாட்டி எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் மாட்டிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

பக்கத்துக்கு ஒரு சாமான். இங்க் பேனாவில் சின்ன ஓவியம். பக்கத்தில் எத்தனை அடி மரம், எத்தனை அடி வெனீர், திருகாணி, பசை, பூட்டு, பாலிஷ். அதற்குக் கீழே வேலைக்கூலி. பல பக்கங்களில் கூலிக்குப் பக்கத்திலேயே செய்தவர் பெயர்.

அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பட்டறைக்கு இதுவரை எத்தனை ஈட்டிக் கட்டில், ஊஞ்சல், பெட்டி வந்திருக்கும்? ஒன்றிலாவது செய்த ஆசாரியின் பெயர் கிடைத்ததில்லை. வாங்கியவரின் இனிஷியல் இருக்கும். சில சமயம் கடை முத்திரை இருக்கும். இங்கே ஒரு கம்பெனி கணக்குக்காகத்தான் எழுதி வைத்தது, மரியாதைக்காக அல்ல. இருந்தாலும் பெயர் நின்றுவிட்டது.

கூலி என்றதும் இன்னொன்று. 1788-ல் லண்டன் மரச்சாமான் தச்சர்கள் தாங்களே சேர்ந்து கூலிப் பட்டியல் ஒன்றை அச்சிட்டார்கள். இந்த அளவு அலமாரிக்கு இவ்வளவு, இழுப்பறை ஒன்று கூடினால் இவ்வளவு, ஓரத்தில் வளைவு வைத்தால் இவ்வளவு என்று சில்லறை வரை கணக்கு. முதலாளி வாய்க்கு வந்ததைக் கொடுக்க முடியாது. சாயங்காலம் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்தேன். ஜார்ஜ் செட்டன் பட்டறை அங்கேதான் இருந்தது. 1786-ல் வந்து பார்த்த ஜெர்மன் பயணி ஒருவர், 400 பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்குப் போனால் கண்ணாடி கட்டடமும் பேருந்தும்தான்.

விண்ட்சர் கோட்டைக்கும் போகலாம் என்று நினைத்திருந்தேன், விட்டுவிட்டேன். செட்டன் குடும்பத்தார் மொரேல் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து நான்காம் ஜார்ஜுக்காக 1820-களில் அங்கே ரோஸ்வுட் சாமான் செய்தார்கள். சாப்பாட்டு அறைக்கு வரைந்து கொடுத்தது பியூஜின், அப்போது வயது 15. பின்னாளில் நாடாளுமன்றக் கட்டடத்தின் உள்வேலைகளை வடிவமைத்தவர் அவரேதான். அந்த அறையின் பெரிய பக்கமேசை, சுமார் 18 அடி நீளம், 1992 நவம்பர் 20 தீயில் எரிந்துவிட்டது. அறையை விட்டு வெளியே தூக்க முடியாத அளவுக்குப் பெரியது என்பதால் மற்ற சாமான்களோடு அதைக் காப்பாற்ற முடியவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி. பெர்மன்ட்சி, பிறகு ரயில்

பெர்மன்ட்சி பழம்பொருள் சந்தை வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் விடியற்காலையில். அக்கா நான்கரைக்கே எழுந்து ஃபிளாஸ்கில் தேநீர் ஊற்றித் தந்தார். இந்தச் சந்தைக்கு ஒரு பழைய சலுகை இருந்தது. சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில் இங்கே நல்லெண்ணத்தோடு வாங்கிய பொருள், திருட்டுப் பொருளாகவே இருந்தாலும் வாங்கியவருக்குச் சொந்தம். 1995-ல்தான் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். இப்போது சந்தை சுருங்கிவிட்டது. நான் போனபோது முப்பது மேசைகூட இல்லை. வெள்ளிக் கரண்டிகள், கைக்கடிகாரங்கள், பீங்கான்.

ஒரு ஓரத்தில் வாள்போல் வளைந்த கால்களோடு இரண்டு நாற்காலி. முதுகுக் கட்டை கயிறு முறுக்கியது போலச் செதுக்கியது. டிராஃபல்கர் நாற்காலி என்பார்கள், 1805 கடற்போருக்குப் பிறகு நெல்சன் நினைவாக வந்த மோஸ்தர். கறுப்பும் செம்பழுப்புமாக ரோஸ்வுட் ரேகை அச்சாக ஓடியது. ஒன்றைத் தூக்கினேன். கை மேலே போய்விட்டது. ஈட்டி அப்படிப் போகாது, தோளை இழுக்கும். பின்னங்கால் முனையில் சிராய்த்த இடத்தைப் பார்த்தால் வெளிறிய பீச் மரம். ரேகை முழுக்கத் தூரிகையால் வரைந்தது. விற்கிற அம்மா நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பெயின்ட் வேலைதான், லவ்" என்றார். முன்பின் தெரியாதவர்களையும் இங்கே கடைக்காரர்கள் லவ் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நாம் கண்ணு என்பது போல. ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கே இது தனித் தொழில். அந்தத் தூரிகைக்காரர் நல்ல ரோஸ்வுட்டை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். கணு எங்கே வரும், கறுப்புக் கோடு எங்கே திரும்பும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே அம்மாவிடம் தேயிலைப் பெட்டி ஒன்று வாங்கினேன். 60 சொன்னார், 45 பவுண்டுக்கு முடிந்தது. ரோஸ்வுட் வெனீர், சரிந்த பக்கங்கள், சாவித்துளையைச் சுற்றி முத்துச்சிப்பி. உள்ளே இரண்டு அறை, ஈயப்பூச்சுத் தகடு அடித்தது. நடுவில் தேயிலை கலக்கும் கண்ணாடிக் கிண்ணம் இருந்த குழி மட்டும் காலியாக. தேயிலை பூட்டி வைக்கும் விலை விற்ற காலம். 1830-களின் வேலை என்று தோன்றுகிறது. வலது மூலையில் வெனீர் கொஞ்சம் தூக்கியிருந்தது.

மத்தியானம் லங்காஸ்டர் ரயில். யூஸ்டன் போனால் ரயில் ரத்து. அடுத்ததில் இரண்டு ரயில் கூட்டம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தேன். எதிரில் நின்ற இளைஞன் தன் சாண்ட்விச்சில் பாதியை நீட்டினான். சைவம் என்றதும் பையைத் துழாவி வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தான்.

அக்டோபர் 11, சனி. லங்காஸ்டர்

"மாமா, இது சின்ன ஊருங்க, ஒரு நாள்ல நடந்தே பாத்துரலாம்" என்றான் மருமகன். பாதிதான் பார்க்க முடிந்தது. நான் ஒவ்வொரு இடத்திலும் நின்றுவிட்டேன்.

நீதிபதிகள் தங்கிய பழைய வீடு இப்போது அருங்காட்சியகம். கில்லோஸ் சாமான்கள் அங்கே இருக்கின்றன. சமையலறைக் குளிரில் கோட்டோடு உட்கார்ந்திருந்த தன்னார்வலர் பெண்மணி, நான் தொழில்காரன் என்றதும் எழுந்து கூடவே வந்தார். இழுப்பறையின் மேல்விளிம்பில் "கில்லோஸ் லங்காஸ்டர்" என்று உளியால் அடித்தது போல முத்திரை. சில சாமான்களில் உள்ளே பென்சிலில் தொழிலாளியின் கையெழுத்தும் உண்டு என்று படங்களைக் காட்டினார். முத்திரை வெளியே, கையெழுத்து உள்ளே. எது கம்பெனிக்கு, எது ஆளுக்கு என்று இடத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

மதியம் ஒரு சிறிய ரொட்டிக் கடையில் பட்டர் பை. உருளைக்கிழங்கு, வெங்காயம், வெண்ணெய், மேலே மொறுமொறு மாவு. மூன்று பவுண்டுக்குள். மிளகு நிறையப் போட்டிருந்தது, நம் வாய்க்குப் பிடித்தது. வெள்ளிக்கிழமை மாமிசம் சாப்பிடாத கத்தோலிக்கர்களுக்காக வந்த பண்டம் இது, லங்காஷயர் முழுக்க உண்டு. கில்லோ குடும்பமும் கத்தோலிக்கர்கள்தான்.

பிறகு லூன் ஆற்றங்கரை. பழைய சுங்க மாளிகை, 1764-ல் கட்டியது, தூண் வைத்த முகப்பு. வடிவமைத்தவர் ரிச்சர்ட் கில்லோ, ராபர்ட்டின் மகன். இதன் வழியாகத்தான் கில்லோஸ் மேசை நாற்காலிகள் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயின. திரும்பி வரும் கப்பலில் மஹோகனி, சர்க்கரை, ரம். அவற்றை வெட்டியதும் விளைவித்ததும் அடிமைகள். பிரிட்டனின் அடிமை வணிகத் துறைமுகங்களில் இந்தச் சிற்றூர் நான்காவது இடத்தில் இருந்தது. ஆற்றோரம் 2005-ல் ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். கப்பல்களின் பெயர், கப்பல் தலைவர் பெயர், ஏற்றிய மனிதர்களின் எண்ணிக்கை. கப்பலுக்குப் பெயர் இருக்கிறது, கப்பல் தலைவனுக்குப் பெயர் இருக்கிறது. ஏற்றப்பட்டவர்களுக்கு எண் மட்டும்தான்.

ரோஸ்வுட்டும் இதற்கு வெளியே இல்லை. 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. நெப்போலியனுக்குத் தப்பிய போர்த்துகல் அரச குடும்பம் பிரேசிலுக்கு வந்து இறங்கியது. 1808-ல் பிரேசில் துறைமுகங்கள் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்தன. ரியோவிலிருந்து ரோஸ்வுட் கட்டைகள் வந்து குவிந்ததும், லண்டன் வரவேற்பறைகள் கறுத்துப் பளபளத்ததும் அதற்குப் பிறகுதான். பிரேசிலில் அடிமை முறை 1888 வரை இருந்தது. காப்பகத்தில் பார்த்த பக்கத்தை நினைத்துக்கொண்டேன். தச்சர் பெயர் இருந்தது. மரம் வெட்டியவர் "இத்தனை அடி, இத்தனை விலை" என்பதற்குள் போய்விட்டார். அந்தச் சின்னத்துக்கு முன்னால் காற்று அப்படி அடித்தது. மருமகன் தன் குல்லாவைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டான்.

அக்டோபர் 12, ஞாயிறு. ஊருக்கு வெளியே

பழைய சாமான் கிடங்கு ஒன்று. வைக்கோல் கொட்டகை போலப் பெரியது. விலையைப் பார்த்து மனது கஷ்டப்பட்டது. நான்காம் வில்லியம் மன்னர் காலத்து ரோஸ்வுட் சீட்டாட்ட மேசை 220 பவுண்டு. நம் ரூபாயில் 26,000 சொச்சம். கோவையில் தேக்கு முலாம் பூசிய பிளைவுட் அலமாரி இதைவிட விலை. பழுப்பு மரச்சாமானை இப்போது யாரும் வாங்குவதில்லை, வீடுகள் சின்னதாகிவிட்டன என்றார் கடைக்காரர்.

அந்த மேசையின் பலகை இரண்டாக மடிந்து, கால் சுற்றுத் திரும்பி விரியும். மூடியிருந்தபோது மேற்பரப்பு வெளுத்த தேன் நிறம். ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு ரோஸ்வுட் இப்படித்தான் போகும். திறந்தேன். உள்ளே பச்சைக் கம்பளித் துணி, அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ரோஸ்வுட் விளிம்பு. அந்த விளிம்பு மட்டும் கருநாவல் நிறத்தில், ஊதா கலந்த கறுப்புக் கோடுகளோடு, நேற்று இழைத்தது போல இருந்தது. இத்தனை வருடம் வெளிச்சம் படாத இடம். செய்தவர் கண்ணுக்கு முழு மேசையும் இந்த நிறத்தில்தான் இருந்திருக்கும். மருமகன் செல்போனில் படம் எடுக்கப் பார்த்தான், அந்த நிறம் படத்தில் வரவில்லை.

அக்டோபர் 13, திங்கள். மருமகன் அறை

நாளை மறுநாள் விமானம். பெட்டியை எந்தப் பையில் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கும்போது, "மாமா, இதுக்குப் பெர்மிட் வேணுமாமுங்க" என்றான், லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 1947-க்கு முந்தைய வேலைப்பாடு என்றால் இங்கிலாந்துக்குள் விற்கலாம், வாங்கலாம். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். வாரக்கணக்கு ஆகும். நம் ஈட்டியாக இருந்தால், செய்து முடித்த பொருள் 10 கிலோவுக்குள் என்பதால் தாள் எதுவும் கேட்க மாட்டார்கள். இது எந்த ஊர் மரம்? ரியோ என்று பெட்டியை விற்ற அம்மா சொன்னார். ரேகையும் அப்படித்தான் சொல்கிறது. வெறும் கண்ணால் அடித்துச் சொல்ல முடியாது, எனக்கும் முடியவில்லை.

சட்டம் சரிதான். நம் ஊரிலும் ஈட்டியைக் காப்பாற்ற 1994-ல் சட்டம் போட வேண்டி வந்தது. அந்த மரம் வைரம் பாய ஒரு ஆயுள் போதாது. பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் தூக்கிய வெனீரோடு விட்டுப் போக மனது வரவில்லை.

வஜ்ஜிரத்துக்கு எங்கே போவது? சூப்பர் மார்க்கெட்டில் ஜெலட்டின் தூள் இருந்தது. அடிப்படையில் அதே பொருள்தான், இன்னும் சுத்தமானது. குளிர்ந்த நீரில் ஊறவைத்து, கிண்ணத்தைச் சுடுநீரில் இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே வைத்தோம். கொதிக்கவிட்டால் பசை செத்துவிடும். ஓய்ந்த கத்தியால் வெனீரை ஒரு நூல் அளவுக்கு நெம்பி, பழைய பசையை வெந்நீர்த் துணியால் எடுத்தேன்.

விளக்கைக் கிட்டே பிடிக்கச் சொன்னேன். கீழே பைன் பலகையில், சீப்பால் வாரியது போல நெருக்கமாக இணைகோடுகள். பல் வைத்த இழைப்புளியால் ஓட்டியது, பசை பிடிக்க. பலகை முடியும் இடத்தில் கோடுகள் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருந்தன. கடைசி இழுப்பில் மணிக்கட்டைத் திருப்பும் பழக்கம் உள்ளவர். பெட்டியில் முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை. அடிக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

"என்னங்க மாமா பாக்கறீங்க?"

"ஆளைப் பாக்கறேன்டா."

பசை விட்டு, வெனீரை அழுத்தி, மேலே மெழுகுத்தாள், சின்னப் பலகைத் துண்டு, அதற்கு மேல் அவனுடைய பாடப் புத்தகங்கள் ஆறு, தண்ணீர் பாட்டில் இரண்டு. அறையில் வஜ்ஜிர வாசனை லேசாக வந்தது, எங்கள் பட்டறை மாதிரி.

அக்டோபர் 14, செவ்வாய்

ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. வெளியே மழை. மருமகன் தூங்கிக்கொண்டிருந்தான். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். காகிதம் ஒட்டாமல் வந்தது. விரல் நகத்தால் மூலையைத் தட்டினேன். நேற்று வரை அந்த இடத்தில் பொள்ளல் சத்தம் கேட்டது. இப்போது டக் என்று கெட்டியாக, பெட்டியின் மற்ற பக்கங்களில் கேட்பது போலவே கேட்டது. ஜன்னலோரம் இருந்த பெட்டியை எடுத்து, வெயில் படாத அலமாரிக்குள் வைத்தேன்.